சிவப்பு மையால் நீ அடித்த வரி

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், ஐந்தாம் படிவ அறிவியல் கூடத்தின் பின்வரிசை நாற்காலி ஒன்றின் கால், எவருடைய தூண்டுதலும் இன்றி, இன்று காலை தானாகவே கழன்று விழுந்தது. சந்தேகிப்பவர்கள் என்னைச் சந்தேகிக்கலாம். குனிந்து அந்தக் காலைத் தேடியபோது அலமாரிக்கு அடியில், ரப்பர் பால் பிடிக்கும் நம் பழைய மங்கு கிடந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். காய்ந்த ரப்பர் பாலின் புளித்த நாற்றம். அதற்குமேல் சிரிப்பு வரவில்லைடா.

நம் டீச்சர் எதற்கும் பதில் சொல்லமாட்டார். "நீங்களே கட்டுங்க, நீங்களே இடிங்க" என்பார். அவரவர் முதல் எண்ணத்தை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். தவறென்று தெரிந்தால் கிழிக்கக் கூடாது. சொந்தக் கையால் சிவப்பு மையில் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ரப்பர் பால் ஏன் தானாக உறைகிறது என்பது நம் கேள்வி. வெயில்தான் காரணம் என்று நான் எழுதினேன். அழுக்கு மங்கில் இருக்கும் கிருமி என்று நீ எழுதினாய்.

"வெயிலுன்னா மழை நாள்ல ஏன்டா கட்டியாவுது?"

"மழைக்கு அப்புறம் வெயில் வராதா லா?"

நீ ஒரு மங்கைச் சுடுநீரில் கழுவினாய், இன்னொன்றை அப்படியே விட்டாய். இரண்டிலும் பால் ஊற்றி ஜன்னலோர வெயிலில் வைத்தாய். ஓய்வு முடிந்து வந்தால், கழுவிய மங்கில்தான் முதலில் உறைந்திருந்தது. "நான்தான்டா தப்பு" என்று சொல்லி உன் வரியை அடித்தாய். எப்போதும் முதலாவதாக வரும் உன்னை வென்றுவிட்டேன். நம் ஊர் கரங்கானின் ஒரே சூரிய விஞ்ஞானி என்று காலரைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த வாரம், செம்பனைக் குலை ஏற்றி வந்த லாரி உன் மோட்டார் சைக்கிளை இடித்தது.

பிறகு அந்தப் பாடம் வந்தது. கிருமிதான் என்று புத்தகத்தில் இருந்தது. "அப்போ அந்த மங்குல என்னதான் நடந்துச்சு?" என்று டீச்சர் கேட்டார். நான் குனிந்து அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். போன வாரம் உன் அட்டையைக் கழற்றி, உன் அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தார்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதில் ஒருநாளும் பால்மாறாத உன் அம்மா, கையைத் துடைத்துவிட்டு அட்டையை வாங்கினார். சிவப்புக் கோட்டை விரலால் தடவினார்.

"இவன் நெனச்சது தப்பாப்பா? மங்கு கழுவலன்னா சீக்கிரம் ஒறஞ்சிரும்னு நான்தான் சொன்னேன். என் பேச்ச நம்பி எழுதிட்டான் போல."

மூடாத வாய் என்று பெயர் வாங்கிய நான், "ஆமாம் அத்தை" என்று மட்டும் சொன்னேன். அதிலிருந்து அவர் மோட்டார் சத்தம் கேட்டாலே ஏதாவது மரத்துக்குப் பின்னால் போய்விடுகிறேன்.

உன்னை வென்றேன் என்று எழுதினேனே. நீ சாப்பிடப் போயிருந்தபோது, கழுவிய மங்கில், பாலை உடனே உறைய வைக்கும் ஆசிட் நாலு சொட்டு விட்டது நான்தான். விளையாட்டுக்குத்தான். நீ வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். எல்லாரும் எனக்குக் கை தட்டினார்கள். நன்றாக இருந்தது, விட்டுவிட்டேன். டீச்சரிடம் சொல்லவில்லை. உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. உனக்கு மட்டும்தான் சொல்கிறேன், அதுவும் நீ வந்து கேட்க முடியாது என்பதால்.