புல் அலசின தண்ணி

என் கண்ணுக்கு அம்மா எழுதறது.

இங்க நாங்க மூணு பேரும் சுகமா இருக்கோம், அங்க நீயும் மாப்பிள்ளையும் சுகமா இருக்கணும். மூணாவது ஆள் யாருன்னு உனக்கே தெரியும், நீ விட்டுட்டுப் போன பூசணிதான். நீ போன் பண்ணினா முதல்ல விசாரிக்கிறது அந்த மட்டக்குதிரையைத்தான், அப்புறம் உங்கப்பாவை, என் முறை வர்றதுக்குள்ள உனக்கு வேலைக்கு நேரமாயிடுது. சரி, கடுதாசின்னா போன் மாதிரி நடுவுல வெச்சுட முடியாதே, அதான் உட்கார்ந்துட்டேன்.

நீ போன கையோட பூசணிக்குக் கால் வலி வந்தது உனக்குத் தெரியும். தெரியாதது ஒண்ணு இருக்கு. அன்னைக்கு வந்த குதிரை டாக்டரம்மா அவன் கழுத்துக் கொழுப்பை அமுக்கிப் பார்த்துட்டு, குளம்பைத் தொட்டுட்டு, கொதிக்குதேன்னாங்க. தீனி அதிகமாகி, உடம்புல சர்க்கரை ஏறி, குளம்புக்குள்ள வீங்கிடுச்சாம். இந்த உடம்போட இன்னொரு தடவை வந்தா உள்ள இருக்கிற எலும்பே இறங்கிடும், அதுக்கப்புறம் ஊசி போட்டு அனுப்பி வைக்கிறதைத் தவிர வேற வழி கிடையாதுன்னுட்டாங்க. இதை உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு நான்தான் உங்கப்பாவைத் தடுத்தேன். அவ்வளவு தூரத்துல உட்கார்ந்துக்கிட்டு நீ அழுது என்ன பண்ணப்போறே.

அன்னையிலிருந்து அவன் வாய்க்கு நான்தான் காவல். தீவனக் கடைக்கு நாங்க ரெண்டு பேரும்தான் போனோம். உங்கப்பா ஒவ்வொரு மூட்டையா மோந்து பார்த்து, ஒண்ணு நல்லா கமகமன்னு இருக்குன்னு தோள்ல தூக்கியே வெச்சுட்டார். கமகமன்னு இருந்தது அதுல ஊத்தின பாகு. நான் கண்ணாடியை மாட்டிக்கிட்டு எல்லா மூட்டையோட முதுகையும் படிச்சு, சர்க்கரை கம்மி, மாவு கம்மி, நார் ஜாஸ்தி, சத்துப்பொடி கலந்ததுன்னு ஒண்ணை எடுத்தேன். அட்டைப்பெட்டி வாசனை அடிக்குதுன்னு முகத்தைச் சுளிச்சார் மனுஷன். திங்கப்போறது அவரா. கலோரி கம்மின்னு போட்டிருக்கே, அப்போ ஒரு வாளி நிறையப் போடலாம்லன்னு கடைக்காரர்கிட்டயே கேட்கிறார், மானம் போச்சு எனக்கு. அது ஒரு பிடிதான். வயித்துக்குக் காய்ஞ்ச புல். அதையும் தராசுல நிறுத்து, தண்ணியில ஊற வெச்சு, அதுல இருக்கிற சர்க்கரை இறங்கினதும் வடிச்சுட்டுக் கொடுக்கணும். கூடக் கொஞ்சம் வைக்கோல் கலந்தா மெல்ல நேரம் ஆகும், பசிச்சுக்கிட்டும் நிக்க மாட்டான். சலவைக்கடையில ஊர்த் துணியெல்லாம் அலசற கை இது, புல்லை அலசறது ஒரு பெரிய வேலையா. காலையில ஊற வெச்சுட்டுக் கடைக்குக் கிளம்பிடுவேன், வடிச்சு வலைப்பையில கட்டித் தொங்க விடறது மட்டும் உங்கப்பா வேலை. பஸ் ஓட்டின காலத்திலயே வீட்டு வேலைன்னா நழுவற ஆளு, இப்போ ரிட்டையராகி உட்கார்ந்திருக்கார், இதையாவது பண்ணட்டுமேன்னு விட்டேன்.

எனக்கு வயித்தெரிச்சல் எங்க ஆரம்பிச்சதுன்னா, பூசணி என்னைக் கண்டா திரும்பிக்கூடப் பார்க்கிறதில்லை. நான் பக்கத்துல போனா, கண்டதை மேயாம இருக்க வாய்க்கூடை மாட்ட வர்றேன்னு பின்பக்கத்தைக் காட்டிக்கிட்டு நிப்பான். உங்கப்பா செருப்புச் சத்தம் கேட்டாப் போதும், கனைச்சுக் கொட்டகையையே ரெண்டாக்கிடுவான். நீ சின்னப் பிள்ளையா இருந்தப்போவும் இதே கதைதான், கசாயம் கொடுக்கிறது நான், மிட்டாய் கொடுக்கிறது அவர், ராத்திரி நீ கட்டிக்கிட்டுத் தூங்கினது யாரை. அதைக்கூட விட்டுடறேன். ஒரு குதிரைகூடவா. எனக்குப் பொறாமைதான்டி, இல்லைன்னு சொல்ல மாட்டேன். அதுவும் போதாதுன்னு, இத்தனை பத்தியம் இருந்தும் அவன் இளைக்கவே இல்லை. அளவு நாடாவை வயித்தைச் சுத்திப் போட்டா அதே இடத்துலதான் நிக்குது. உங்கப்பா ரொட்டியைக் கிட்டியைக் கொடுக்கிறாரான்னு அவர் சட்டைப்பையெல்லாம் கவிழ்த்துப் பார்த்தேன், பீடித் துண்டு தவிர ஒண்ணுமில்லை. பீடி விஷயத்தை நீயே அவர்கிட்ட கேளு.

ஒருநாள் கடையில கரண்ட் இல்லைன்னு மத்தியானமே வந்துட்டேன். கொட்டகையில உங்கப்பா புல்லை வடிச்சு ஒழுங்காத்தான் தொங்க விட்டிருக்கார். வடிச்ச தண்ணியை வாளியோட தூக்கிட்டுப் போய்ப் பூசணியோட குடிதொட்டியில ஊத்தறார். டீ மாதிரி இருக்கு தொட்டித் தண்ணி. அவன் காதை ஆட்டிக்கிட்டு உறிஞ்சறான். நான் போட்ட சத்தத்துல எதிர்வீட்டு ஜன்னல் திறந்துச்சு. உங்கப்பா முழிக்கிறார், இவ்வளவு சாரம் இறங்கின தண்ணியைக் கீழ ஊத்தவா மனசு வரும், பாவம் காய்ஞ்ச வாயோட நிக்கிறான், அவனும் ஆசையாக் குடிக்கிறான்னார். இத்தனை நாளா நான் புல்லுல இருந்து எடுத்த சர்க்கரையை எல்லாம் அவர் தொட்டி வழியா அவனுக்குள்ள அனுப்பிக்கிட்டு இருந்திருக்கார். விஷயத்தைச் சொன்னதும் டாக்டரம்மா போன்ல முதல்ல சிரிச்சாங்க, அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு, உடனே நிறுத்துங்க, இல்லைன்னா காலைக் காப்பாத்த முடியாதுன்னாங்க. உங்கப்பா அன்னைக்குச் சாப்பிடலை. நானும் வற்புறுத்தலை.

ஆனா உள்ளுக்குள்ள எனக்கு ஒரு சந்தோஷம் பாரு. ஓஹோ, இனிப்புத் தண்ணிக்காகத்தான் இந்தக் கனைப்பெல்லாம், ஆளுக்காக இல்லைன்னு. இப்போ வடிக்கிறதும் நான்தான், கடைக்குப் போறதைத் தள்ளி வெச்சுட்டு நானே வடிச்சுச் சாக்கடையில ஊத்திட்டுப் போறேன். இனிப்பு நின்னா இவரையும் மறந்துடுவான்னு காத்துக்கிட்டு இருந்தேன். மறக்கலை. பச்சைத் தண்ணியைக் குடிச்சுட்டு இவரைப் பார்த்துத்தான் கனைக்கிறான். எனக்கு வந்த கோபத்துல ரெண்டு நாள் உங்கப்பாவோட பேசலை, எதுக்குன்னு அவருக்கும் தெரியலை.

அளவு நாடா இறங்கிடுச்சு. கழுத்துல அந்தக் கொழுப்பு முண்டும் தளர்ந்துடுச்சு. லாடக்காரர் குளம்பைச் சீவிட்டு, சூடே இல்லை, வெளிய விட்டுப் பாருங்கன்னார். நேத்து சாயங்காலம் நான்தான் கயித்தை அவிழ்த்து, மணல் கொட்டின முற்றத்துல விட்டேன். முள்ளு மேல நடக்கற மாதிரி அடி வைப்பானே, நினைவிருக்கா, அப்படி இல்லை, நல்லா ஊனி நடந்தான். என் பக்கத்துலயே நின்னான். கழுத்தைத் தடவிக் கொடுத்தேன், நகரலை. சரி, நம்ம ஆள்தான்னு நினைக்கறதுக்குள்ள உங்கப்பா பால் வாங்கிக்கிட்டு கேட்டைத் திறந்தார். என் கையை உதறிட்டு ஓடினான். ஓடினான்டி. நாலு காலும் எடுத்து, மண்ணை வாரிப் போட்டுக்கிட்டு அவர்கிட்ட ஓடினான். வயிறும் எரிஞ்சது, கண்ணுலயும் தண்ணி வந்துச்சு, எது எதுக்குன்னு கேட்காதே.

உடம்பைப் பார்த்துக்கோ, வேளாவேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையையும் கவனிச்சுக்கோ. நீங்க ரெண்டு பேரும் ஒரு குறையும் இல்லாம நல்லா இருக்கணும்னு மனசார வாழ்த்தறேன். போன் பண்ணும்போது பூசணி எப்படி இருக்கான்னு என்கிட்டயே முதல்ல கேளு, அப்பாகிட்ட கேட்காதே. அவன் ஓடினதை அவர் சொல்லிடுவார். இதுல எழுதிட்டாலும், என் வாயால சொல்லி நீ கேட்கணும்.

இப்படிக்கு,
புல் அலசிக்கிட்டு இருக்கிற உன் அம்மா