முதல் வரிசையில் ஒரு நாற்காலி

செப்டம்பர் 4, வெள்ளி

காலையிலிருந்து ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கே கூட்டம். பதினோரு பேர். சிரிக்கக் கூடாது என்று சொன்னதும் ஒருவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அவரை அடக்கவே கால் மணி நேரம் போயிற்று.

மத்தியானம் பாப்பா போன் செய்தாள். பாப்பாவுக்கு இருபத்தொன்பது வயது. வெளிநாட்டில் பிசியோதெரபிஸ்ட். அங்கேயே ஒரு மலை உச்சியில் கல்யாணம். மாப்பிள்ளை அந்த மலை மேல் வானிலை நிலையத்தில் வேலை பார்க்கிறவர், அதனால் அங்கேதான் என்று இரண்டு பேருமாக முடிவு செய்துவிட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் போகிறோம். நான், என் மனைவி, பாப்பாவின் அண்ணன் பெரியவன்.

"அப்பா, எனக்கு நகை நட்டு எதுவும் வேணாம். ஒரே ஒரு கண்டிஷன். நீங்க கேமரா எடுத்துட்டு வரக் கூடாது."

"பைத்தியமா உனக்கு? முப்பத்திரண்டு வருஷமா ஊரார் கல்யாணத்தையெல்லாம் எடுத்தவன் நான். என் பொண்ணு கல்யாணத்தை எவனோ எடுக்கணுமா?"

"எவனோ எடுக்கட்டும். நீங்க அப்பாவா மட்டும் வாங்க. முதல் வரிசையில உட்காருங்க. நான் திரும்பிப் பார்த்தா உங்க மூஞ்சி தெரியணும்."

சரி என்றேன். வேறென்ன சொல்ல?

செப்டம்பர் 5, சனி

எவனோவாம்!

செப்டம்பர் 9, புதன்

என் மனைவியிடம் நியாயம் கேட்டேன். இவள் கடையின் பின்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு மணப்பெண்ணின் முகப்பருவை அழித்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "அவ சொல்றதுல என்ன தப்பு? அவளோட எந்த பர்த்டே போட்டோவுல நீங்க இருக்கீங்க?"

"நான்தானே எடுத்தேன்? நான் எப்படி அதுல இருப்பேன்?"

"அதைத்தான் அவளும் சொல்றா."

பள்ளிக்கூடத்தில் அவள் நாடகம் போட்ட அன்று எனக்கு வெளியூரில் கல்யாண ஆர்டர். பட்டம் வாங்கிய அன்று வேறொரு கல்யாணம். சனி ஞாயிறுதான் எனக்குப் பிழைப்பு, நான் என்ன செய்வேன்? ஊர் சுற்றவா போனேன்? இந்த வீடு, அவள் படிப்பு, எல்லாம் அந்த சனி ஞாயிறில் வந்ததுதானே?

ஆனாலும் மனசு சரியில்லை.

செப்டம்பர் 14, திங்கள்

பெட்டி கட்டியாயிற்று. மலையில் குளிருமாம். ஆளுக்கு இரண்டு ஸ்வெட்டர், கம்பளிச் சாக்ஸ். என் சாக்ஸில் ஒரு ஜோடி மட்டும் கொஞ்சம் கனமாக இருக்கிறது. யாருக்கும் தெரியாது. மலையைப் படம் எடுக்கத்தான். சத்தியமாக மலையை மட்டும்தான்.

செப்டம்பர் 16, புதன்

மானம் போயிற்று. விமான நிலையத்தில் சோதனை செய்த அதிகாரி என் கைப்பையைத் திறந்து, நேராக அந்தச் சாக்ஸை எடுத்தார். உள்ளே கை விட்டார். கேமராவை வெளியே எடுத்துத் தட்டில் வைத்தார். லென்ஸுக்கு ஒரு தனி சாக்ஸ், அதுவும் வந்தது.

இவள் சாக்ஸை மட்டும் மடித்து என் கையில் வைத்தாள். அதுதான் பயமாக இருந்தது. பெரியவன் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல், "கேமராவுக்கும் குளிரும்லப்பா" என்றான். விமானத்தில் ஜூஸ் வந்தபோதுதான் இவள் வாயைத் திறந்தாள்.

"அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் காட்டிக் கொடுக்க மாட்டேன்."

சொல்லிவிட வேண்டும். போனதும் முதல் வேலை அதுதான்.

செப்டம்பர் 17, வியாழன்

சொல்லவில்லை. பாப்பா அடிவாரத்துக்கே வந்து நின்றாள். ஓடிவந்து கட்டிக்கொண்டு, முதலில் என் இரண்டு கையையும் பார்த்தாள். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் ஸ்வெட்டர். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அதைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது?

மேலே போக ரோப் கார்தான் வழி. இவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நான் பள்ளத்தாக்கைப் பார்த்தேன். என்ன வெளிச்சம், என்ன வெளிச்சம்! விரல் தானாகவே மடங்கி மடங்கி நிமிர்ந்தது.

செப்டம்பர் 18, வெள்ளி

கல்யாணத்துக்குப் பேசியிருக்கும் போட்டோகிராபர் இடம் பார்க்க வந்தாள். சின்னப் பெண், கெட்டிக்காரி. வாயைத் திறக்கவே கூடாது என்று உறுதியோடு ஒரு ஓரமாக நின்றேன். பத்து நிமிஷம் தாக்குப்பிடித்தேன்.

"பத்து மணிக்கு அந்த ஜன்னல் வழியா வெயில் நேரா வரும்மா. பொண்ணு கண்ணு கூசும். நாற்காலியை இப்படித் திருப்பிப் போட்டா..."

"அப்பா!" என்று பின்னாலிருந்து குரல்.

வாயை மூடிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டேன். அந்தப் பெண் நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் கீழே இறங்கினாள். நாளைக் காலை முதல் ரோப் காரில் வருவாளாம்.

செப்டம்பர் 19, சனி

இன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் எழுத வேண்டும். என் கேமராவில் இது பதிவாகவில்லை.

காலையில் எழுந்தபோதே விடுதி ஜன்னலெல்லாம் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. எட்டு மணிக்கு மாப்பிள்ளை வந்தார். காற்று பலமாக இருக்கிறது, மத்தியானம் வரை ரோப் கார் ஓடாது என்றார். "நேத்து லேசான காத்துன்னு சொன்னது யாரு மாப்ள?" என்றான் பெரியவன். பாவம், மனிதர் காது வரை சிவந்துபோனார்.

சம்பந்தி வீட்டார், கல்யாணத்தைப் பதிவு செய்யும் அம்மா, எல்லோரும் நேற்றே மேலே வந்தாயிற்று. கீழே மாட்டிக்கொண்டது போட்டோகிராபர் மட்டும். பதிவுக்குக் குறித்த நேரம் பத்து மணி. தவறினால் அடுத்த மாதம்தானாம்.

சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். "சம்பந்தி, நீங்க இருக்கிறப்ப நமக்கு என்ன கவலை?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். இந்த நோட்டிலாவது பொய் எழுதக் கூடாது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உள்ளுக்குள் குதித்தேன். பெரியவன் எடுக்கலாம்தான், ஆனால் அவனுக்கு லைட் பிடிக்க மட்டுமே வரும். அவன் எடுத்தால் யாருக்கும் தலை இருக்காது. ஆக, என்னை விட்டால் ஆளில்லை!

பாப்பா கல்யாண உடுப்போடு வாசலில் நின்றிருந்தாள்.

"கேமரா கொண்டுவந்திருக்கீங்களாப்பா?"

இவள் தரையைப் பார்த்தாள். பெரியவன் கூரையைப் பார்த்தான்.

"சாக்ஸுக்குள்ள இருக்கு" என்றேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"பரவாயில்லப்பா. நீங்களே எடுத்துடுங்க."

ஐயோ, அந்தப் பரவாயில்லப்பா! நாடகத்துக்கு வர முடியாது என்றபோது இதைத்தான் சொன்னாள். பட்டமளிப்பு அன்றும் இதைத்தான். ஒவ்வொரு தடவையும், அவளே பரவாயில்லை என்றுவிட்டாள், நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேனே, எவ்வளவு பெரிய மடையன் நான்! அதைச் சொல்லும்போது அவள் கீழுதட்டைக் கடித்துக்கொள்வாள் என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். அப்போதெல்லாம் நான் குனிந்து பேட்டரி எண்ணிக்கொண்டிருந்தேன்.

"முடியாது. நான் எடுக்க மாட்டேன்" என்றேன். "எனக்கு வேற வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"உட்காரணும்."

சம்பந்தியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பாப்பாவுக்குப் புரிந்தது. கண்ணைத் துடைக்கப் போனவளை, "மை கலைஞ்சிடும்டி" என்று இவள் அதட்டினாள். அதட்டியவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

போய் உட்கார்ந்தேன். முதல் வரிசை, நடு நாற்காலி. எத்தனையோ கல்யாணத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்தால் கையை எங்கே வைப்பது? மடியில் வைத்தேன், கட்டிக்கொண்டேன், கடைசியில் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டேன். நான் பாட்டுக்கு எழுந்து ஓடிவிடக் கூடாதே.

பதிவாளர் அம்மா நிதானமாக வாசித்தார். அவர்கள் சம்மதம் சொன்னார்கள். பாப்பாவின் குரல் என் அம்மாவின் குரல் மாதிரியே இருக்கிறது. இத்தனை வருஷத்தில் நான் கவனித்ததே இல்லை. மூன்று தடவை திரும்பிப் பார்த்தாள். மூன்று தடவையும் நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை சிரித்துவிட்டாள். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். எழுத்து மேலும் கீழும் ஓடியது. வங்கியில் அந்தக் கையெழுத்தைக் காட்டினால் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

முடிந்ததும் வெளியே நின்று எல்லோருமாக ஒரு படம். மாப்பிள்ளையின் போனை விடுதிச் சமையல்காரர் வாங்கிக்கொண்டார். அவர் போனைத் தூக்கியதும் நாங்கள் மூன்று பேரும் ஒரே சமயத்தில் சடாரென்று ஓரமாக ஒதுங்கிவிட்டோம். இவள் பாப்பாவின் உடுப்பைச் சரிசெய்துவிட்டுக் குனிந்தபடியே விலகினாள். பெரியவன் இல்லாத லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்! பழக்கம், என்ன செய்வது?

"பொண்ணு வீட்டுக்காரங்க எங்கே போனாங்க?" என்று சமையல்காரர் கேட்டார்.

பாப்பா என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினாள். அவர் அமுக்கினார். அந்த நேரம் பார்த்து என் கண்ணில் நீர். காற்றுதான். வேறொன்றுமில்லை.

செப்டம்பர் 20, ஞாயிறு

காற்று நின்றுவிட்டது. போட்டோகிராபர் பெண் முதல் காரில் வந்து மன்னிப்பு மேல் மன்னிப்புக் கேட்டாள். மணமக்களை மட்டும் நாலைந்து படம் எடுத்தாள். நான் அவளுக்கு நன்றி சொன்னேன், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. பாவம், திருதிருவென்று முழித்தாள்.

செப்டம்பர் 28, திங்கள்

ஊருக்கு வந்து நாலு நாளாகிறது. சம்பந்தி வீட்டார் போனில் எடுத்ததையெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். இருநூறுக்கு மேல். எல்லோரும் பின்வரிசையிலிருந்து எடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் முன்னால் என் வழுக்கைதான் பளபளக்கிறது. என் முகம் தெரிகிற படம் சமையல்காரர் எடுத்தது ஒன்றே ஒன்று. அதுவும் கோணல். ஒரு மூலையில் அவர் விரல். நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன்.

"இது ஒரு விஷயமா? வேற போட்டோவுலருந்து கண்ணை எடுத்து வச்சுடலாம்" என்றாள் இவள். மாதம் பத்துப் பேருக்காவது அவள் கண் திறந்துவிடுகிறாள். என்னுடைய வேறொரு படத்தைத் தேடினாள். கம்ப்யூட்டரில் தேடினாள். பழைய பெட்டிகளைக் கீழே இறக்கி நானும் தேடினேன். முப்பத்திரண்டு வருஷத்துப் படம் இருக்கிறது. ஊரே இருக்கிறது. நான் ஒன்றில்கூட இல்லை.

கடைசியில் பாஸ்போர்ட் போட்டோ கிடைத்தது. அதிலிருந்து கண்ணை எடுத்து ஒட்டினாள். பெண்ணின் கல்யாணத்தில் நிற்கும் என்னிடம் யாரோ விசா கேட்கிற மாதிரி விழித்துக்கொண்டு நின்றேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இறக்கிய பெட்டிகளை ஒவ்வொன்றாக மேலே ஏற்றினேன்.

"கண்ணு மூடினபடியே இருக்கட்டும்" என்றேன். இவள் சரி என்றாள்.

அக்டோபர் 10, சனி

சமையல்காரர் எடுத்த படத்தைப் பெரிதாகப் போட்டு, சட்டம் அடித்து, கடை வாசல் கண்ணாடிக்குள் மாட்டினேன். விரலைக்கூட வெட்டவில்லை. சாயந்தரம் கல்யாண ஆர்டர் பேச ஒரு குடும்பம் வந்தது. அந்த வீட்டு அம்மா உள்ளே வருவதற்கு முன்னால் அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏங்க, எல்லா போட்டோவும் அவ்வளவு நல்லா இருக்கு. இது மட்டும் ஏன் இப்படி? நடுவுல கண்ணை மூடிட்டு நிக்கிறாரே, யாரு அவர்?"

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பொண்ணோட அப்பாங்க" என்றேன்.