பூஜையில் மாட்டிய பாஸ்வேர்டு

2007, சரஸ்வதி பூஜை, இரவு.

காலையிலேயே புத்தகங்கள், சிடிக்கள் எல்லாவற்றையும் அடுக்கிப் படைத்துவிட்டேன். கம்ப்யூட்டரைத் துடைத்துப் பொட்டு வைப்பது என் வீட்டுக்காரர் பொறுப்பு. பொட்டு வைக்குமுன், என்னிடம் புடவை வாங்கும் சிங்கப்பூர் அம்மாவுக்கு மெயில் போட உட்கார்ந்தேன். அவர் மகளின் முகூர்த்தப் புடவைக்கு எந்த பார்டர் என்று நான் இன்றைக்குள் சொல்லாவிட்டால் வேறு கடை பார்ப்பாராம். எப்போதும் தானாக நிரம்பும் பாஸ்வேர்டு கட்டம் இன்று காலியாக இருந்தது.

"வெளிய மட்டும் தொடச்சா போதுமா? பிரவுசருக்குள்ளயும் சுத்தம் பண்ணிட்டேன்மா," என்றார் வீட்டுக்காரர் பெருமையாக.

சேமித்திருந்த பாஸ்வேர்டு அத்தனையும் போச்சு!

நல்லவேளை, போன மாதம் அதையெல்லாம் ஒரு சிடியில் எடுத்து வைத்திருந்தேன். ஆனால் அந்த சிடி பூஜையில் இருக்கிறது. அவர் எடுக்கப் போனார்.

"சாமிகிட்ட வெச்சத நாளைக்குத்தான் எடுக்கணும். இன்னிக்குப் படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?" என்று ஒரு பிடி பிடித்தேன். திரும்பி வந்து சுண்டலைத் தின்றார்.

விடிந்ததும் மறுபூஜை, உடனே சிடி, உடனே மெயில். ஒரு ராத்திரி பொறுக்க மாட்டாரா அந்த அம்மா? பொறுப்பார். பொறுக்க வேண்டும்.

கட்டிலிலிருந்து அவர் குரல் வருகிறது: "இன்னாமா, டைரி எழுதிக்கினு இருக்கியா?"

ஐயோ.