சுவரிலிருந்து இருபது அடி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான், உன் அம்மா, உன் தங்கை மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும், அந்த மருந்துக் கம்பெனியின் குளிர் அறையில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே தரம் பார்க்கிறாய், கழுத்து வலி தேவலையா என்று மறக்காமல் எழுது. உடம்புக்குக் குறை இல்லை என்றுதான் சொன்னேன். மற்றபடி இந்த வீட்டில் ஒருத்தி பதினொரு நாளாக என்னோடு பேசுவதில்லை, இன்னொருத்தி இரண்டு பேர் பேச்சையும் சேர்த்து ஒரே ஆளாகப் பேசித் தீர்க்கிறாள். இதைப் போனில் சொல்லலாமே என்பாய். நம் வீட்டுப் போன் ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கிறது, உன் தங்கை எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள், அவளைப் பற்றி அவள் காதுபடவே எப்படிச் சொல்வது. அதனால்தான் கடுதாசி. என் கையெழுத்தைப் படிக்க அரை நாள் லீவு வேண்டும், போட்டுக்கொள்.

நான் காவல் இருக்கிற காலி மனையில் தொழில் பயிற்சிக் கட்டடம் வரப்போகிறது என்று சொன்னேன் அல்லவா, நான் முன்பு வேலை பார்த்த லாரி ஷெட் இருந்த அதே இடம்தான். ஏசி மெக்கானிக் வகுப்புக்கு உன் தங்கை இரண்டு வருடமாகக் காத்திருக்கிறாள், இப்போது வாடகை மாடியில் நடக்கிற வகுப்பில் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம், புதுக் கட்டடம் வந்தால் அறுபது பேரை எடுப்பார்கள். ஆனால் சேரும்போது இருபத்தைந்து வயது தாண்டியிருக்கக் கூடாது. கட்டடம் சொன்ன நாளில் எழுந்தால் முதல் வகுப்பிலேயே அவள் உட்கார்ந்துவிடலாம், தள்ளிப்போனால் வயது போய்விடும், அப்புறம் ஆயுசுக்கும் அந்த ஜெராக்ஸ் கடைதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

கட்டுவதற்கு முன்னால் மனையை ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டுமாம். வரைபடம் போடுகிற அம்மா ஒருவர் வந்தார், கழுத்தில் எப்போதும் திசைகாட்டி தொங்கும், அதனால் திசைகாட்டி அம்மா என்று நானே பெயர் வைத்துவிட்டேன். எதிர்க் கட்டடத்தின் நிழல் ஒன்பது மணிக்கு எதுவரை, மூன்று மணிக்கு எதுவரை என்று குச்சி நட்டுப் பார்த்தார், மூன்று கால் ஸ்டாண்டில் ஒரு கருவியை வைத்துச் சாலை இரைச்சலை அளந்தார். அது ஓடும்போது பார்த்து எனக்குத் தும்மல் வந்துவிட்டது. "அண்ணே, லாரிய விட நீங்கதான் பெருசா பதிவாயிருக்கீங்க" என்று சிரித்தார். மழைத் தண்ணீர் எங்கே தேங்கும், காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும், வெயிலுக்கு நான் நாற்காலியை எங்கெங்கே இழுத்துப் போடுகிறேன் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். என் நாற்காலி போகிற வழி இப்போது வரைபடத்தில் புள்ளி புள்ளியாக இருக்கிறது. இருபத்து மூன்று வருடம் அந்த இடத்தில் உழைத்ததற்கு என் பெயர் எங்கும் ஏறவில்லை, நாற்காலி ஏறிவிட்டது. அதற்கே நான் ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன் என்றால் பார்த்துக்கொள்.

அடுத்து மண்ணைச் சோதிக்கிறவர் வந்தார், எல்லோரும் மண் சார் என்பார்கள். நல்ல மனுஷன், ஷெட்டின் பழைய வரைபடத்தை எங்கேயோ தேடிப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். அதில் மேற்குச் சுவரிலிருந்து இருபது அடியில் கழிவு எண்ணெய்க் குழி என்று போட்டிருந்தது. அந்தக் குழியை எனக்கு நன்றாகத் தெரியும். லாரியில் இருந்து இறக்குகிற எரிந்த எண்ணெய், பழைய பேட்டரி ஆசிட், கிரீஸ் கழுவின தண்ணீர் எல்லாவற்றையும் பதினோரு வருடம் வாளி வாளியாக அதில் கொண்டுபோய் ஊற்றியவன் நான்தான். அப்போது யாரும் தப்பென்று சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் எங்கே ஊற்றியிருப்பேன் என்று தெரியவில்லை. ஷெட்டை மூடியபோது குழியையும் மண் தள்ளி மூடிவிட்டார்கள், இப்போது மேலே புல்தான். மண் சார் டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்தார், நான் அதைச் சுவரோடு சுவராக அழுத்திப் பிடித்தேன், அவர் இருபது அடி போய் நின்று "இங்கதானே?" என்றார், நானும் பெரிய நிபுணன் மாதிரி "அதே இடந்தான் சார்" என்றேன். துளை போட்டார்கள். நல்ல சிவப்பு மண் வந்தது. இன்னும் நான்கு இடத்தில் போட்டார்கள், அங்கேயும் அப்படியே. எண்ணெயெல்லாம் இத்தனை வருடத்தில் மண்ணோடு மண்ணாகப் போயிருக்கும் என்று மண் சார் எழுதிக்கொண்டார், எனக்கும் உள்ளுக்குள் ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

பத்து நாள் கழித்துத் திசைகாட்டி அம்மா மரங்களைக் கணக்கெடுக்க வந்தார். நடைபாதையில் நிற்கிற பெரிய மரத்தைக் காட்டி இதற்கு எத்தனை வயது இருக்கும் என்று கேட்டார். நான் வழக்கம்போலக் கதை அளக்க ஆரம்பித்தேன், இது என்னம்மா, எங்கள் ஷெட்டுக்குள் நின்ற மரமாக்கும், சாப்பாட்டுப் பையை இதன் கிளையில்தான் மாட்டுவோம் என்று. சொல்லிக்கொண்டே மரத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தேன். உள்ளே நின்ற மரம் எப்படி வெளியே போகும்? மரம் நடக்கவில்லை, சுவர்தான் நடந்திருக்கிறது. ஷெட் மூடின மறு வருடம் சாலையை அகலப்படுத்தி, அந்த மேற்குச் சுவரை இடித்துப் பதினோரு அடி உள்ளே தள்ளிக் கட்டினார்கள், கல் இறக்கின லாரிக்குக் கேட்டைத் திறந்துவிட்டதே நான்தான். பழைய வரைபடத்தின் இருபது அடியைப் புதுச் சுவரிலிருந்து அளந்திருக்கிறோம். குழி இப்போதைய சுவரிலிருந்து ஒன்பதாவது அடியில் இருக்கிறது, நாங்கள் பதினோரு அடி தள்ளித் துளை போட்டுவிட்டு நிலம் சுத்தம் என்று எழுதிவிட்டோம். டேப்பைப் பிடித்தது யார்? உன் அப்பன்.

உன்னிடம் மறைக்கக் கூடாது, மூன்று நாள் நான் வாயே திறக்கவில்லை. உன் தங்கை முகம்தான் கண் முன்னால் வந்தது. துளை தப்பென்றால் மறுபடி சோதனை, மறுபடி அறிக்கை, கட்டடம் எங்கே எழும். மேலே சிமெண்ட் போட்டு மூடிவிட்டால் யாருக்கு என்ன என்றுகூட நினைத்தேன். நாலாம் நாள் காண்டிராக்டரின் சூப்பர்வைசர் வந்து, பிள்ளைகள் குடிக்கிற தண்ணீருக்குத் தரையடித் தொட்டி என்று சுண்ணாம்புப் பொடியில் கட்டம் போட்டான். சுவரிலிருந்து ஒன்பதாவது அடி கட்டத்துக்கு நட்ட நடுவில் இருந்தது.

முதலில் குறுக்கு வழி பார்த்தேன். காரணம் சொல்லாமல் தொட்டியை மட்டும் நகர்த்திவிட்டால் கட்டடமும் தள்ளிப்போகாது, தண்ணீரும் தப்பிக்கும் என்று எனக்கு ஒரு கணக்கு. மர வேர் வந்து தொட்டியை உடைக்கும் என்றேன், அவன் வேர் இந்தப் பக்கம் வராது என்றான். அங்கே பாம்பு உண்டு என்றேன், தோண்டினால் அது வேறு வீடு பார்த்துக்கொள்ளும் என்றான். மூன்றாவதாகச் சாலை லாரிகள் ஓடி ஓடித் தொட்டி அதிரும் என்றேன். "அண்ணே, நீங்க கேட்டப் பாக்குற ஆளா, கட்டடத்தப் பாக்குற ஆளா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். பொய்யிலும் நான் அரைகுறைதான்.

சரி, உண்மையையே சொல்லித் தொலைப்போம் என்று ஆரம்பித்தால், அதைக் கேட்க ஓர் ஆள் கிடைக்கவில்லை. மண் சாருக்குப் போன் போட்டேன், "அறிக்கை கையெழுத்தாகிப் போயாச்சு, அஞ்சு துளைக்குத்தான் உத்தரவு, ஆறாவது போட மேல சொல்லணும்" என்றார். மேலே என்றால் அவர்கள் அலுவலகத்தின் மூன்றாவது மாடி. அங்கே ஒருவர் இரண்டாவது மாடி என்றார், இரண்டாவது மாடியில் சாப்பிடப் போயிருந்தார்கள், சாப்பிட்டு வந்தவர் இது நிலப் பிரிவு என்றார், நிலப் பிரிவில் இருந்த பெண் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "ஐயா, நிலத்துல ஏதாவது இருக்குன்னு சொல்ல ஃபாரம் இருக்கு, இல்லன்னு சொல்லவும் ஃபாரம் இருக்கு, தப்பான இடத்துல பார்த்துட்டோம்னு சொல்ல எதுவும் இல்லையே" என்றாள். பாவம், அவள்மேல் கோபப்பட்டு என்ன செய்ய. எனக்கு முட்டியில் வலி, நான்கு நாள் நான்கு மாடி ஏறி இறங்கினேன். குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவனை இப்படி அலைய விடுகிற இடத்தை நான் பார்த்ததே இல்லை. கடைசி நாள், அவர்கள் எல்லோருக்கும் மேலே இருக்கிற அதிகாரி அம்மாள் அறைக்குள்ளேயே போய் நின்றுவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குழி அங்கேதான் இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். ஊற்றினவனுக்குத் தெரியாதா என்றேன். ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். இன்ன வருடம் முதல் இன்ன வருடம் வரை இன்னது இன்னதை இந்தக் கையால் ஊற்றினேன், அளந்த அன்று டேப்பைப் பிடித்ததும் நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வீட்டில் சொன்னதும் உன் அம்மா, "ஊர்ல அவனவன் செஞ்ச தப்ப மூடி மறைக்கிறான், நீங்க மூடுன குழிய மாடி மாடியா ஏறித் தோண்டிட்டு வந்திருக்கீங்க" என்றாள்.

ஆறாவது துளையைப் போன வாரத்துக்கு முந்தின வாரம் போட்டார்கள். ஐந்தடி வரை சாதா மண், நான்கூட நமக்குத்தான் புத்தி பிசகிவிட்டதோ என்று பார்த்தேன், அப்படி இருந்தால் நல்லது என்றும் நினைத்தேன். ஆறாவது அடியில் தார் மாதிரி கறுப்பாக ஏறி வந்தது, அந்த வாடை மாறவே இல்லை. உன் தங்கையும் கடையிலிருந்து வந்து பார்த்துக்கொண்டு நின்றாள். திசைகாட்டி அம்மாவிடம், "குடிதண்ணித் தொட்டி இங்கயா வர்றதா இருந்துச்சு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவர் ஆமாம் என்றார். சரி, புரிந்துகொண்டாள் என்று நினைத்து நான் பக்கத்தில் போனேன். அதற்குள் சூப்பர்வைசர், அழுக்கு மண்ணை அள்ளி, சோதித்து, கட்டடத்தைக் கிழக்கே தள்ளி வரைய ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், அதுவரை கேட்டுக்கு ஆள் வேண்டும், உங்களுக்கு வேலை நீண்டது அண்ணே என்று சத்தமாகச் சொல்லித் தொலைத்தான். உன் தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உங்க நாற்காலிக்கு ஒரு வருஷம் கூடக் கிடைச்சிருச்சுப்பா" என்றாள். அதுதான் அவள் என்னோடு கடைசியாகப் பேசியது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அதிகாரி அம்மாளிடம் மறுபடி போனேன், முட்டி வலியோடுதான். தாமதம் நிலத்தால் வந்தது, பிள்ளைகளால் வந்ததில்லை, அதனால் வயதில் ஒரு வருடம் தளர்த்தக் கேட்டு மனுக் கொடுக்கலாம், கிடைக்கும் என்று சொல்ல முடியாது, கேட்கலாம் என்றார். இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும், சேர விரும்புகிறவர் கையெழுத்து வேண்டும். மூன்று தாள் எழுதிக் கிழித்தேன், எப்படி ஆரம்பித்தாலும் இரண்டாவது வரியில் நான் எண்ணெய் ஊற்றிய கதைக்கே போய்விடுகிறது. ஒப்புக்கொள்வது ஒரே மூச்சில் எழுத வந்தது, கேட்பது வரமாட்டேன் என்கிறது. உன் தங்கையிடம் அம்மாவை விட்டுக் கேட்கச் சொன்னேன், நான் கையெழுத்துப் போட மாட்டேன், அவர் தோண்டினதை அவரே மூடட்டும் என்றாளாம். அதனால் மனுவை நீ எழுதி அனுப்பு, அலுவலகத்துக்கு எழுதுகிற மாதிரி நறுக்கென்று. அப்புறம் அவள் கடையில் இருக்கும் நேரம் பார்த்துப் போன் பண்ணு. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், என் பக்கம் பேசாதே. அப்பா செய்தது சரிதானே என்று உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் அவள் பேனாவையே தொட மாட்டாள். போன வருடம் தரம் சரியில்லை என்று ஒரு பெட்டி மருந்தை நீ நிறுத்திவைத்துத் திட்டு வாங்கினாயே, நீ செய்ததற்குத் திட்டு வாங்கினதும் நீதான். என் காரியத்துக்கு விலை அவள் கொடுக்கிறாள், அவளைக் கேட்காமலே நான் கொடுத்துவிட்டேன், அவள் கோபத்தில் ஒரு பிசகும் இல்லை. என்னை எவ்வளவு திட்டுகிறாளோ கூடச் சேர்ந்து நீயும் திட்டு, எனக்குத் தெரியவே வேண்டாம், கையெழுத்தை மட்டும் வாங்கிவிடு.

குளிர் அறைக்குள் போகும்போது கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள், சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, நீ எந்தக் குறையும் இல்லாமல் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும், நீங்கள் இரண்டு பேரும் ஒருத்திக்கு ஒருத்தி துணையாக இருக்க வேண்டும். தேதி இருபத்தெட்டு, மறந்துவிடாதே. மனுவை அவள் பெயருக்கே, கடை விலாசத்துக்கு அனுப்பு, வீட்டுக்கு வந்தால் நான் பிரித்துவிடுவேன்.

இப்படிக்கு,
நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்து ஒருத்தியைப் பகைத்துக்கொண்ட
உன் அப்பா