அப்பா நிரப்பிய குடுவை

அன்பு மகளே,

அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் அந்த வைரஸ் நுரையீரலோடு நிற்கவில்லை, சிறுநீரகத்தையும் கெடுத்துவிட்டது என்கிறார் டாக்டர்.

சிறுநீரை ஒரு பிளாஸ்டிக் குடுவையில் பிடித்து அளப்பார்கள். "இது பாதியாவது நிறையணும் சார், அப்பதான் வீடு" என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள். மறுநாளே நிறைந்தது. அதை நம்பி டயாலிசிஸைத் தள்ளிப்போட்டார்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. குடிக்க அளந்து கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் குடுவையில் ஊற்றியிருக்கிறார் உன் அப்பா. நிறத்துக்குக் கொஞ்சம் டீ வேறு.

"என்னங்க இது கூத்து?" என்றேன்.

"நீ வீட்டுல தனியா பயப்படுவியேடி" என்றார். தண்ணீர் குடிக்காததில் அவர் நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. அடக்க முடியாமல் வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

பிறகு டயாலிசிஸ் செய்தார்கள். இதயம் தாங்கவில்லை, பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

இன்று டாக்டர் என்னை உட்காரவைத்துப் பேசினார். இனிமேல் தண்ணீரை அளக்க வேண்டாமாம், கேட்பதையெல்லாம் கொடுக்கலாமாம். நாளைக்கே வீட்டுக்குக் கூட்டிப்போகலாமாம்.

அப்பா செருப்பைத் தேடி எடுத்து வைக்கச் சொல்கிறார். "பார்த்தியா, கடைசில நான்தானே ஜெயிச்சேன்" என்று கண்ணடிக்கிறார். நான் தலையாட்டினேன்.

லீவு கேட்டுக்கொண்டிருக்காதே. சொல்லிவிட்டுக் கிளம்பி வா.

உன் அம்மா