இன்னாசிமுத்து யார் என்று கேட்டாயே

இயேசு மரி சூசை துணை

திண்டிவனம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் அறிவுச்செல்வனுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். இத்தனை வருஷமாக வழக்கத்துக்காக எழுதிவந்த வார்த்தை இது, இந்தத் தடவை மெய்யாகவே சுகமாக இருந்து எழுதுகிறேன். நீ சுகம் என்பதை உன் வாயாலேயே சொல்லிவிட்டாய், ஆனாலும் கேட்கிறேன், சுகம்தானே. உன் கப்பலில் புதிதாகச் சேரப்போகும் மயிலத்துப் பையன் திருமுருகன் நாளை மறுநாள் புறப்படுகிறானாம், அவன் கையில் இந்தக் கடிதத்தையும் இரண்டு கிலோ மல்லாட்டை உருண்டையையும் கொடுத்தனுப்புகிறேன், கப்பலில் கேட்பவர்களுக்கு வேர்க்கடலை உருண்டை என்று சொல். உருண்டையைக் கப்பல் முழுக்கப் பங்கு போட்டுவிட்டு நீ வெறும் டப்பாவைத் தடவிக்கொண்டிருக்காதே, உன் குணம் எனக்குத் தெரியும்.

கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்து உன் போனுக்கு உயிர் வந்ததும் நம் பங்குக் கோயில் சனங்களிடமிருந்து நாற்பது ஐம்பது செய்தி வந்து விழுந்ததாம், எல்லாரும் தம்பி இன்னாசிமுத்து தைரியமாக இரு, உனக்காகச் செபிக்கிறோம் என்று எழுதியிருந்தார்களாம், யாரும்மா அந்த இன்னாசிமுத்து என்று நீ உன் அம்மாவிடம் கேட்டாயாம். அவள் அது பெரிய கதை, உங்கப்பா எழுதுவாரு என்று என் தலையில் போட்டுவிட்டாள். ஒரு மாதமாக எழுதாமல் இருந்ததற்குக் காரணம் சோம்பல் இல்லை. அவளிடம் நான் மறைத்த ஒரு விஷயம் அந்தக் கதைக்குள் இருந்தது. போன வாரம் அது வெளியே வந்துவிட்டது, அதனால் இப்போது பயமில்லாமல் எழுதுகிறேன்.

உங்கள் கப்பலின் இன்ஜின் நடுக்கடலில் நின்று, போனும் இல்லாமல் நீங்கள் மிதந்துகொண்டிருந்த இருபத்து மூன்று நாளும் இங்கே எங்களுக்கு ஒன்றும் தெரியாது. உன்னை ஏற்றிவிட்ட ஏஜென்சிக்காரர்களைக் கேட்டால் டென்ஷன் ஆகாதீங்க சார் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. அந்தச் சமயத்தில்தான் அம்மாவுக்கு விழுப்புரத்தில் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, தள்ளிப்போட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவள் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். புள்ள குரலக் காதால கேக்காம எனக்கு இன்னாத்துக்குங்க கண்ணு என்றாள். நான் கத்தினேன், கெஞ்சினேன், ஒரு வேளை சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன். அவள் அசையவில்லை.

உனக்குத் தெரியும், நம் வீட்டில் புத்தகம் படிப்பவள் அவள்தான். முப்பத்தோரு வருஷம் கண்டக்டர் வேலை பார்த்த நான் படித்ததெல்லாம் டிக்கெட்டும் டிரிப் ஷீட்டும்தான். கண் மங்கியதும் அவளுக்குப் பெரிய கஷ்டம் அந்த நாவல்களை விட்டதுதான். சரி, மனசு திரும்பட்டும் என்று கிளை நூலகத்துக்குப் போய் ஒரு தடிப் புத்தகத்தை எடுத்துவந்து தினம் மூன்று மணிக்கு அவளுக்குப் படித்துக் காட்ட ஆரம்பித்தேன். முதல் இரண்டு தாள் கிழிந்துபோயிருந்தது, எழுதியவர் யாரென்று ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். கடற்கரைக் குடும்பம், நம்மைப் போல வேதக்காரர்கள், மூத்த மகன் இன்னாசிமுத்து தாயின் நேர்ச்சையை நிறைவேற்றுவதற்காகத் தோணியேறிப் போகிறான். ஒரு பக்கத்துக்கு ஒரு புயல், அரைப் பக்கத்துக்கு ஒரு செபம். முதல் நாள் நான் வாசித்ததைக் கேட்டுவிட்டு, கதையப் படிங்க, பஸ் ஸ்டாண்டுல ஆள் கூப்பிடாதீங்க என்றாள். நாலாம் நாள் அவள் கையில் செபமாலை வந்துவிட்டது. தோணி கிளம்பும்போது பரலோக மந்திரம் சொன்னாள், அவனை ஏமாற்றிய சித்தப்பனைக் கட்டையில போறவன் என்று வைதாள். பிறகு ஒரு நாள் மெதுவாக என்னிடம் சொன்னாள், இவன் கரையேறிட்டா எம்புள்ளயும் ஏறிடுவான், நான் மாதாகிட்ட அப்படித்தான் பேசி வெச்சிக்கினு இருக்கேன் என்று. யாரோ எழுதின கதையில் என் மகன் உயிரைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டாளே என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்த வாரம் பென்ஷன் வேலையாக விழுப்புரம் போக வேண்டியிருந்தது. பஸ்ஸில் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறோம், அடுத்து என்ன ஆகிறது என்று பார்ப்போமே என்று புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். உண்மையைச் சொல்கிறேன், அவளைவிட எனக்குத்தான் பொறுக்கவில்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது இன்னாசிமுத்து செத்துப்போனான். தோணி கவிழ்ந்து, மூன்று நாள் கழித்து உடல் கரை ஒதுங்கி, சட்டையை வைத்து அவன் தாய் அடையாளம் காட்டுகிறாள். நான் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். விழுப்புரத்தில் எல்லாரும் இறங்கிப் போனது எனக்குத் தெரியவில்லை. அந்த ரூட்டில் ஆயிரம் பேரை எழுப்பி இறக்கிவிட்டவன் நான், என்னை ஒரு கண்டக்டர் பையன் தோளைத் தட்டி, பெரியவரே இறங்கலியா, வண்டி டிப்போவுக்குப் போவுது என்றான்.

மறுநாள் மூன்று மணிக்கு அவள் செபமாலையோடு வந்து உட்கார்ந்தாள். புத்தகத்தை அதே பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, அதில் இருந்ததைப் படிக்காமல், அவன் கையில் ஒரு பலகை அகப்பட்டது என்று சொன்னேன். அவ்வளவுதான், அதற்குப் பிறகு பத்து நாள் என் சொந்தச் சரக்கு. நேரம் பார்த்துப் பக்கத்தைத் திருப்பிக்கொள்வேன். அவனை ஒரு தீவில் கரையேற்றிவிட்டேன், அதற்கு மேல் தீவைப் பற்றி எனக்கு என்ன தெரியும், எனக்குத் தெரிந்தது விழுப்புரம் திண்டிவனம் ரோடு ஒன்றுதான். ஆகவே அவன் முண்டியம்பாக்கம் மாதிரி ஒரு இடத்தில் கரும்பு தின்று பசியாறினான், விக்கிரவாண்டி மாதிரி ஒரு இடத்தில் அவனைச் சுங்கக்காரர்கள் மடக்கினார்கள், அங்கிருந்து தப்பி ஒரு கடையில் பரோட்டா சாப்பிட்டான். இன்னாங்க தீவுல பரோட்டா கடையா என்று கேட்டாள். எழுதினவரு எழுதியிருக்காரு, நான் இன்னா பண்ணட்டும் என்றேன். உன் போன் நின்றபிறகு அவள் முதல்தடவையாகச் சிரித்தது அன்றைக்குத்தான், அந்தச் சிரிப்புக்காகவே மறுநாள் அவனுக்கு ஆம்லெட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஞாயிறு பூசையில் உபதேசியார் சவுரிராயன் வழக்கம்போலப் பூசைக் கருத்துகளை வாசித்தார். இன்னாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, இன்னாரின் சுகப்பிரசவத்துக்காக என்று வாசித்துக்கொண்டே வந்தவர், கடலில் காணாமல்போன இன்னாசிமுத்து நலமாக வீடு திரும்ப, வேண்டுவோர் சவுரியம்மாள் குடும்பத்தார் என்றார். உன் அம்மா பேரைக் கேட்டதும் திடுக்கிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சனிக்கிழமையே பக்கத்து வீட்டுக் கெங்கம்மாளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய் வாயால் சொல்லி எழுதவைத்துவிட்டு வந்திருக்கிறாள். நம் சனங்களைத்தான் உனக்குத் தெரியுமே, வீட்டில் கூப்பிட ஒரு பேர், ஞானஸ்நானத்துக்கு ஒரு பேர். அறிவுச்செல்வனுடைய ஞானஸ்நானப் பேர் இன்னாசிமுத்து போலிருக்கிறது, பையன் கடலில் போய்விட்டானாம் என்று பூசை முடிவதற்குள் கோயில் முழுக்கப் பரவிவிட்டது. உன் பேர் அந்தோணி என்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது. சாயங்காலம் வரை வீடு கொள்ளாத கூட்டம். கெங்கம்மாள் கேப்பைக்கூழ் காய்ச்சி வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றினாள். நான் வாயைத் திறந்து அது கதையில் வருகிறவன் என்று சொல்ல வேண்டியதுதான், ஆனால் உன்னைப் பற்றியும் எங்களுக்கு ஒரு தகவலும் இல்லையே, அவர்கள் அழுதது முழுக்கத் தப்பு என்று எப்படிச் சொல்வேன்.

செத்தவனைப் பிழைத்து வரச் சொல்லிப் பூசை நடந்துவிட்டதே, இது பாவமாகுமோ என்று மனசு உறுத்தியது. திங்கட்கிழமை போய் ஃபாதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, பாவமெல்லாம் ஒன்னுமில்லீங்க, அந்த அம்மா யாருக்காக வேண்டினாங்கன்னு ஆண்டவருக்குத் தெரியும் என்றார். கிளம்பும்போது கூப்பிட்டு, அது சரி, இன்னாசிமுத்து இப்ப எதுவரைக்கும் வந்திருக்கான் என்று கேட்டார். இன்னும் கூட்டேரிப்பட்டு தாண்டலீங்க ஃபாதர், திண்டிவனம் வந்து சேரல என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்கு அடுத்த நாள் காலையில் உன் போன் வந்தது. நான் மாடியில் மல்லாட்டை காயவைத்துக்கொண்டிருந்தேன், கீழே இவள் உன் பேரைச் சொல்லி அலறிய அலறலில் எதிர்வீட்டு ஆட்களெல்லாம் ஓடிவந்துவிட்டார்கள். நல்ல சேதி என்று தெரிந்ததும் அவர்களும் போகாமல் நின்று அழுதார்கள். அன்றைக்கே, ஜல்தியா டாக்டருக்குப் போன் போடுங்க, கண்ணப் பண்ணிக்கலாம் என்றாள். அந்த வாரமே விழுப்புரத்தில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அந்த அமளியில் மூன்று மணிப் படிப்பு பாதியில் நின்றுபோனது. சொட்டு மருந்து வேளாவேளைக்கு நான்தான் விடுகிறேன். இப்போது கருப்புக் கண்ணாடி எடுத்தாயிற்று, எதிர்ச்சுவர்க் காலண்டரில் திதி முதற்கொண்டு படிக்கிறாள், என் சட்டைக் காலர் அழுக்கையும் கண்டுபிடித்துவிடுகிறாள்.

இனி அவள் கண்ணில் படுவதற்குள் அந்தப் புத்தகத்தைத் திருப்பிவிட வேண்டும் என்று பையில் போட்டுக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். வெள்ளிக்கிழமை லீவு என்பதைப் பாழாய்ப்போன மூளை மறந்துவிட்டது. திரும்பிவந்து பையை மாட்டிவிட்டுக் குளிக்கப் போனேன், வந்து பார்த்தால் எடுத்து வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாள் படித்தாள். நான் கடைக்கும் வீட்டுக்கும் நடந்தேன். சனிக்கிழமை மதியம் அந்த இடம் வந்துவிட்டது என்று அவள் தோள் குலுங்குவதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கண்ணில் தண்ணீர் விடக்கூடாது என்று டாக்டர் சொன்னதைக்கூடச் சொல்லத் தைரியமில்லாமல் சமையற்கட்டு வாசலில் நின்றேன். ஏமாற்றிவிட்டீர்களே என்று கேட்பாள், ஒரு வாரம் பேசமாட்டாள் என்று நினைத்தேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இந்தப் பக்கத்தப் படிச்ச அன்னிக்கு வூட்டுக்கு வந்து எப்படிங்க சோறு தின்னீங்க என்று கேட்டாள். அதுவரை தாங்கிக்கொண்டிருந்தவன் அங்கேயே உடைந்துவிட்டேன், மகனே. அவள் எழுந்துவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தினி நாளுங்க தனியா வெச்சிக்கினு இருந்தீங்க என்றாள். புள்ள போன் வர்ற வரைக்கும் பதினோரு நாள் என்றேன்.

சாயங்காலம் காப்பி கொடுத்துவிட்டு, எழுதினவரு எழுதனது இருக்கட்டும், நீங்க சொன்னவன நடு ரோட்டுல வுட்டுட்டீங்களே, வூட்டுக்குக் கொண்டாந்து வுடுங்க என்றாள். சரியென்று கையில் புத்தகம் இல்லாமலே சொன்னேன். இன்னாசிமுத்து தெருவுக்குள் நுழைந்தான், தங்கச்சி ஓடிவந்தாள், தாய் அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், நேர்ச்சை மெழுகுதிரி ஏற்றினார்கள் என்று முடித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவுங்கப்பா இன்னா சொன்னாரு என்றாள். பத்து நாள் கதை சொன்ன நான் அந்தக் கதையில் அப்பனை ஒரு இடத்தில்கூட நிறுத்தி வைக்கவில்லை.

டர்பனிலிருந்து நீ பேசிய அன்றைக்கு அம்மா போனை என் காதில் வைத்தாள். நான் ம் என்று சொல்லிவிட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். நீ அதைக் கோபம் என்று நினைத்திருக்கலாம், கப்பலுக்குப் போகாதே என்று நான் சொன்னதை வைத்து இன்னும் வீம்பு பிடிக்கிறேன் என்றும் நினைத்திருக்கலாம். கோபமில்லையப்பா. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று இருந்தது, அவ்வளவுதான்.

ஆண்டவரும் மாதாவும் உன்னை எந்தத் தண்ணீரிலும் கைவிடாமல் காக்கட்டும். இன்ஜின் ரூமில் காதுக்கு மூடி போட்டுக்கொள், வெறும் வயிற்றோடு வேலைக்கு இறங்காதே, இரவு படுக்கப்போகும் முன் ஒரு பரலோக மந்திரமாவது சொல். அடுத்த தடவை போன் செய்யும்போது அம்மாவிடம் பேசி முடித்ததும் வைத்துவிடாதே, அப்பாவிடம் கொடு என்று சொல். நான் பேசுகிறேன்.

உன் அப்பா
ம. அப்பாதுரை