பக்கத்து இருக்கையில் உட்காருகிறவள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் கருணையால் நானும் அப்பாவும் உன் தங்கையும் இங்கே சுகம், அங்கே நீயும் மருமகளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று எழுதும்போதே பேனா நின்றுவிட்டது. அதற்குக் காரணம் கடிதத்தின் நடுவில் வரும், அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே. போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ இடையில் பேசுவாய், நானும் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து இன்றோடு பதினெட்டு நாள், சொட்டு மருந்து வேளை தவறாமல் விடுகிறேன். பார்வை தெளிவாகிவிட்டதில் அவருக்கு எல்லாம் அழுக்காகத் தெரிகிறது, “இந்தச் சுவர் இத்தனை நாளா இப்படியா இருந்துச்சு, யாருமே சொல்லலியே” என்று வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறார். என் முகத்தையும் உற்றுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார், அந்த மட்டும் விட்டாரே என்று இருந்தது. உன் தங்கைக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் பிரிவுக்கு மாற்றல் கிடைத்திருக்கிறது, இப்போது வீட்டில் நான் எழுதி வைக்கும் சாமான் பட்டியலையும் திருத்தித்தான் கொடுக்கிறாள்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். காரின் உயரத்தைக் குறைத்துத் தாழ இறக்குவதற்கு மூன்று ஸ்பிரிங் பார்த்து வைத்திருக்கிறாய், எதை வாங்கலாம் என்று அம்மாதான் சொல்ல வேண்டும் என்றாய். பள்ளிக்கூடப் பையிலிருந்து சைக்கிள் வரைக்கும் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு எழுதி நான் முடிவு சொன்னதை நீ இன்னும் மறக்கவில்லை என்று மனது நிறைந்தது, ஆனால் காரைப் பற்றி எனக்கு என்ன தெரியும். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லக் கூடாது என்று நீ அனுப்பியதையெல்லாம் மூன்று நாள் படித்தேன். எவ்வளவு இறங்கும், கம்பிச் சுற்று ஒரே இடைவெளியா அல்லது ஒரு முனையில் நெருக்கமா, காரோடு வந்த ஷாக் அப்சார்பரே தாங்குமா என்று மூன்றுக்கும் எழுதினேன். முதலாவது ஒரு விரல்கடை கூட இறங்காது. இரண்டாவது ஒன்றரை விரல்கடை, சுற்று நெருக்கமாகத் தொடங்கி அகலமாவதால் சின்ன மேடு பள்ளத்தில் மெத்தென்று இருந்து பெரிதில் இறுகுமாம். மூன்றாவது முழுசாக இரண்டு விரல்கடை, டயருக்கும் மேல் வளைவுக்கும் நடுவில் காற்றுகூடப் போகாது. உனக்கு மனது மூன்றாவதில்தான் என்பது படம் அனுப்பிய வரிசையிலேயே தெரிந்தது, அதை மட்டும் நாலு பக்கமிருந்தும் எடுத்து அனுப்பியிருந்தாயே.

எழுத்தில் பார்த்தால் போதாது என்று தெருமுனை மெக்கானிக்கிடம் போனேன், நீங்களெல்லாம் ‘நாளைக்கு’ என்று பட்டம் வைத்தவர்தான், இன்னும் எந்த வண்டியும் சொன்ன தேதியில் அவர் கையை விட்டுப் போனதில்லை. ஒரு பல் டாக்டரின் கார் அங்கே நின்றது, உன் கார் மாதிரியே வேகக் கார், அதில் ஏறக்குறைய உன் மூன்றாவது ஸ்பிரிங் மாதிரியே போட்டிருக்கிறதாம். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு என்னை ஒரு சுற்று அழைத்துப் போகிறேன் என்றார். “ஏறுறது சுலபம்மா, இறங்குறதுக்குத்தான் ரெண்டு ஆள் வேணும்” என்று கதவைத் திறந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கறுப்புக் கண்ணாடியோடு அப்பா வந்து நின்று, “இந்த வயசுல பந்தயத்துக்குக் கிளம்பிட்டியா, ஜெயிச்சா கோப்பையை எங்க வைக்கிறது” என்றார். நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

பள்ளிக்கூடச் சாலையில் மூன்று வேகத்தடை, அதைத் தாண்டிக் குழாய் பதித்து மூடிய பள்ளம். முதல் தடவை எதிரே பார்த்துக்கொண்டு போனேன், பரவாயில்லை, சொல்லப்போனால் வளைவில் கார் சாயாமல் திரும்பியது எனக்கே பிடித்திருந்தது. திரும்பி வரும்போது நோட்டில் குனிந்து எழுதிக்கொண்டு வந்தேன், முதல் தடையிலேயே பென்சில் கோடு பக்கத்தின் கடைசி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது, அடி இடுப்பில் விழுந்து கழுத்து வரைக்கும் ஏறியது. மெக்கானிக்குக்கு ஒன்றுமே இல்லை, அதே கார், அதே தடை. எப்படி என்று கேட்டேன். “ஓட்டுறவனுக்குப் பள்ளம் கண்ணுல தெரியும்மா, ஸ்டீயரிங்கைப் புடிச்சு உடம்பை இறுக்கிக்குவான். பக்கத்துல இருக்கிறவங்களுக்கு முதுகுலதான் தெரியும்” என்றார். கார் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவுக்கு ஸ்பிரிங் அசைய இடம் குறையும், அடியில் போய் முட்டக் கூடாதே என்று கம்பியைக் கெட்டியாக்குகிறார்கள், அது இல்லாமல் இறக்கம் இல்லை என்றும் விளக்கினார்.

அன்று மாலை பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் மனம் அந்த இருக்கையிலேயே நின்றது. போன மாதம் ஸ்பிரிங் பேச்சை எடுப்பதற்கு முன்னால் மருமகளைப் பற்றி நீ சொன்னது நினைவுக்கு வந்தது. “அவ என் கார்ல ஏறவே மாட்டேங்கிறாம்மா, ஆஸ்பத்திரி வேலைக்கு பஸ்லயே போறா, என்மேல என்ன கோபம்னு தெரியல, இனி நானும் கூப்பிடறதா இல்ல” என்றாய். கூப்பிடாமல் இருப்பது பேசாமல் இருப்பதாகி, நீங்கள் சாப்பிடுவதும் தனித்தனி நேரத்தில் என்று ஆகிவிட்டதை நீ சொல்லாமலே தெரிந்துகொண்டேன். அப்போது நான் உனக்கு என்ன சொன்னேன், கண்டுகொள்ளாமல் விடு, தானாக வருவாள் என்றேன். உள்ளுக்குள் நினைத்தது அதைவிட மோசம், படித்து வேலை பார்க்கிற பெண், கர்வம் என்று நினைத்தேன். அவள் மனதை மாற்றிக் கொடு என்று தினமும் வேண்டிக்கொண்டேன் கண்ணு. அந்த வேண்டுதலை இன்று நினைத்தால் கை கூசுகிறது.

மறுநாள் அவளுக்கு ஓய்வு நாள் என்று தெரிந்து போன் செய்தேன். நலம் விசாரித்துவிட்டு, அந்தக் காரில் பக்கத்தில் உட்கார்ந்தால் எப்படிம்மா இருக்கும், நேற்று ஒன்றில் போனேன், எனக்கு இடுப்பு கழன்றுவிட்டது என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அழுகிற சத்தம்தான் கேட்டது. ஐந்து மாதத்துக்கு முன்னால் வார்டில் ஒரு நோயாளியைக் கட்டிலிலிருந்து தூக்கி மாற்றும்போது முதுகில் பிடித்துக்கொண்டதாம், படம் எடுத்துப் பார்த்ததில் டிஸ்க் ஒன்று பிதுங்கி நரம்பைத் தொடுகிறதாம். ஆபரேஷன் வேண்டாம், பயிற்சி செய்தால் சரியாகும், ஆனால் தாழ்ந்த இருக்கையும் குலுக்கலும் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உன் கார் இப்போதே கெட்டி, டயரும் மெல்லிசு. ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு உன்னோடு வந்திருக்கிறாள், பிறகு ஷிப்ட் மாறிவிட்டது என்று சொல்லி பஸ்ஸுக்குப் போயிருக்கிறாள். ஏன் அவனிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். “நாலு வருஷம் அந்தக் காருக்காகக் காத்திருந்தார் அத்தை. வந்த அன்னைக்கு முதல்ல என்னைத்தான் கதவைத் திறந்து உட்கார வச்சார். அதுல உட்கார்ந்தா வலிக்குதுன்னு எந்த வாயால சொல்லுவேன். சொன்னா மறுநாளே வித்துடுவார், வித்துட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி சிரிப்பார், அந்தச் சிரிப்பை என்னால பார்க்க முடியாது” என்றாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஆண்டவன் பேரில் வாக்குக் கேட்டாள், நானும் கொடுத்துவிட்டேன்.

ஒன்பது நாள் அந்த வாக்கைக் காப்பாற்றினேன். நேற்று நீ போன் செய்து மூன்றாவதையே வாங்கிவிட்டேன், வரும் மாதம் பொருத்த நாள் குறித்தாயிற்று, “அவ ஏறினா ஏறட்டும், ஏறாட்டி போகட்டும்” என்றாய். அந்தக் குரல் உன் குரல் மாதிரியே இல்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை. வாக்குத் தவறுவது சின்னப் பாவம் இல்லை என்று எனக்குத் தெரியும், அதற்கு நான் ஆண்டவனிடம் பதில் சொல்லிக்கொள்கிறேன். அவளுக்கும் இதே தபாலில் தனியாக எழுதுகிறேன், உன் புருஷனிடம் சொல்லிவிட்டேன், கோபப்படுவதானால் என்மேல் படு என்று. யார் சொன்னது என்று நீ அவளிடம் மறைக்க வேண்டியதில்லை. அவள் என்னோடு ஒரு வருஷம் பேசாவிட்டாலும் நான் தாங்குவேன், நீங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் பேசாமல் இருப்பதைத் தாங்க மாட்டேன்.

எந்த ஸ்பிரிங் என்று கேட்டாய், என் முடிவு இதுதான். மூன்றும் வேண்டாம், வந்த பெட்டியைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பு. அதற்காக நாளைக்கே காரை விற்கப் புறப்படாதே, அதற்குத்தான் அவள் பயப்படுகிறாள். குலுக்கலைக் குறைக்கிற மாதிரி ஷாக் அப்சார்பர் இருக்கிறது, டயரும் கொஞ்சம் தடிப்பாகப் போடலாம் என்கிறார் நம் மெக்கானிக், ஆனால் அதையும் நீயாக வாங்காதே, டாக்டரிடம் அவளோடு போய்க் கேள், அவள் உட்கார்ந்து பார்த்துச் சரி என்று சொல்லட்டும். கார் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பது அவள் முதுகு சொல்ல வேண்டியது. என்னிடம் இத்தனை நாள் ஏன் மறைத்தாய் என்று அவளைக் கேட்டுவிடாதே. அந்தக் கேள்விக்கு அவளுக்கு மறுபடியும் அழத்தான் தெரியும்.

உங்கள் இருவருக்கும் ஆண்டவன் நல்ல உடம்பும் நல்ல பேச்சும் கொடுக்கட்டும், என் ஆசி எப்போதும் உண்டு. அப்பாவும் தங்கையும் அன்பைச் சொல்லச் சொன்னார்கள், இந்த விஷயம் இன்னும் அவர்களுக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் மறக்காதே, கடிதம் கிடைத்த மறுநாள் காலை ஆறு பத்துக்கு அவள் பஸ். சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டு அவளோடு நடந்து போ. இடம் காலியாக இருந்தாலும் குலுக்கலுக்குப் பயந்து அவள் உட்கார மாட்டாளாம், ஆஸ்பத்திரி வரைக்கும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போகிறாளாம். நீயும் நில்.

என்றும் உங்களுக்காக வேண்டிக்கொள்ளும்,
அம்மா